பயந்த பூனைக்கும் விளையாட்டு வேண்டும்

பூனைக்கு விளையாட்டுச் சாமானா என்று சிலர் சிரிக்கக்கூடும். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கவே வசதியில்லாத வீட்டில் பூனைக்கு எங்கே வாங்குவது என்று கேட்பதும் நியாயமே. ஆனால் எங்களில் எத்தனையோ பேரின் வீடுகளில் பேச்சுத் துணைக்கு இருப்பது ஒரு பூனை மட்டும்தான். கணவரை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட்ட தாய்மார், காணாமற் போனவரை எதிர்பார்த்து இரவில் வாசற் பக்கம் காது கொடுத்துப் படுத்திருப்பவர்கள் என்று பலரின் கட்டிலோரத்தில் அது சுருண்டு கிடக்கிறது. அந்தப் பூனை சாப்பாட்டை விட்டு ஒரு மூலையில் ஒதுங்கினால், வளர்ப்பவரும் கூடவே சோர்ந்து போகிறார். இதை என் வீட்டிலேயே கண்டேன்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது வயது போன, பயந்த சுபாவமுள்ள பூனைக்கு எப்படிப்பட்ட விளையாட்டுப் பொருள் பொருந்தும் என்பது பற்றியாகும். பெரும்பாலானவை வீட்டில் கிடக்கும் பொருட்கள். செலவு அதிகம் இல்லை. பொறுமைதான் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கறுப்பி

நான் முன்பு வெள்ளவத்தையில் ஒரு தையற்கடையில் வேலை செய்தேன். வாடகை கட்டுபடியாகாமல் பேலியகொடைக்கு வந்து, இப்போது வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன். என் அம்மா 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறி, மெனிக்பாம் முகாமில் இருந்துவிட்டு என்னிடம் வந்தார். என் தம்பியைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

2016 மே மாதம் களனி கங்கை பெருகி ஆற்றோரத் தாழ்நிலங்களை மூடியபோது, எங்கள் மாடிப்படியில் ஒரு கறுப்புப் பெண் பூனை நனைந்தபடி வந்து ஒதுங்கியது. வெள்ளம் வடிந்த பின்னும் அதைத் தேடி எவரும் வரவில்லை. அம்மா சோறு வைத்தார். அப்படியே தங்கிவிட்டது. அப்போது அதற்கு இரண்டு மூன்று வயது இருக்கலாம் என்று மிருக வைத்தியர் பல்லைப் பார்த்துச் சொன்னார். ஆகவே இன்று பன்னிரண்டு வயதுக்குக் குறையாது. மனிதர் வயதோடு ஒப்பிட்டால் அறுபதைத் தாண்டியதாகக் கொள்ளலாம்.

பேலியகொடை அமைதியான இடமல்ல. புறக்கோட்டை சென். ஜோன்ஸ் சந்தையில் இருந்த மொத்த மீன் வியாபாரம் 2011 இல் இங்கே மாற்றப்பட்டது. விடியுமுன்பே மீன் லொறிகள் வந்துவிடும். கண்டி வீதி ஒரு பக்கம், நீர்கொழும்பு வீதி ஒரு பக்கம், 2013 இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை இன்னொரு பக்கம். சித்திரை வருடப் பிறப்புக்கும் கிரிக்கெற் வெற்றிக்கும் வெடி கொளுத்துவார்கள். வெடிச் சத்தம் கேட்டால் கறுப்பி அலுமாரிக்குப் பின்னால் போய்விடும். அம்மா சமையலறை மூலையில் போய் இருந்துவிடுவார். இருவரும் வெளியே வர நேரமெடுக்கும்.

ஒரு சித்திரைக்குப் பின் கறுப்பி வழமைபோல வெளியே வரவில்லை. இரவில் மட்டும் வந்து கொஞ்சம் நக்கிவிட்டுத் திரும்பிப் போகும். நாலு கிலோ இருந்த பூனை மூன்று கிலோவுக்கு வந்தது. "இதுவும் போகப் போகுது" என்று அம்மா ஒருநாள் சொன்னார். அந்த "இதுவும்" என்ற சொல்தான் என்னை அசைத்தது. அதன் பிறகே இந்த விடயத்தில் அக்கறையாக இறங்கினேன்.

முதலில் வைத்தியரிடம்

வயது போன பூனை ஒதுங்கினால் அதைப் பயம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பூனை தன் வலியை வெளியே காட்டாத பிராணி. 2002 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்றில், 12 வயதுக்கு மேற்பட்ட 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தபோது 90 பூனைகளில் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. அவற்றில் மிகச் சிலவே நொண்டின என்று நினைக்க இடமுண்டு. ஏனெனில் பூனை நொண்டுவதை விடப் பாய்வதை நிறுத்திக்கொள்ளும். யன்னல் விளிம்பில் ஏறாது. விளையாட அழைத்தால் திரும்பிக்கொள்ளும். நாமோ "வயசு போச்சு, சோம்பல்" என்று சொல்லிவிடுவோம்.

சிறுநீரகக் கோளாறு, தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்தல், பல்வலி, கண் மங்குதல், காது கேளாமை ஆகியனவும் முதிய பூனைகளில் சாதாரணமாக வருபவை. பல நாட்கள் சாப்பிடாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம். இரண்டு நாளுக்கு மேல் சாப்பிடாவிட்டால் காத்திராமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களங்களின் கீழ் இயங்கும் அரச மிருக வைத்திய அலுவலகங்கள் பிரதேசந்தோறும் உள்ளன. மாடு, ஆடு, கோழிக்கு மட்டுமே அவை என்று பலர் நினைக்கின்றனர். பூனையையும் கொண்டு சென்று காட்டலாம்.

கறுப்பியைப் பார்த்த வைத்தியர் பின்னங்கால் மூட்டுகளில் வலி இருப்பதாகச் சொன்னார். மருந்து தந்தார். கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தார். அதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். மனிதர் குடிக்கும் வலிக் குளிசையைப் பூனைக்கு ஒருபோதும் கொடுக்கக் கூடாது. பனடோல், அதாவது பரசிற்றமோல், ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடப் போதுமானது. பின்பு, "அதைக் கொஞ்சம் அசைய வையுங்கள். அசைந்தால் பசிக்கும், மூட்டும் இறுகாது. ஆனால் துரத்த வேண்டாம்" என்றார். துரத்தாமல் அசைய வைப்பதற்கு வழி விளையாட்டு ஒன்றுதான்.

பூனை ஏன் விளையாடுகிறது?

சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் பழைமையான புதைகுழி ஒன்றில் மனிதர் ஒருவரின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. இது 2004 இல் வெளியான செய்தி. தானியம் சேர்த்து வைக்கத் தொடங்கிய மனிதரிடம் எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது என்பது ஆய்வாளர் கருத்து. எங்கள் வன்னி வீடுகளில் நெல் மூட்டைக்குக் காவலாகப் பூனை வளர்த்ததும் அதே காரணத்துக்காகத்தான். இத்தனை ஆயிரம் ஆண்டுகள் வீட்டில் இருந்தும் பூனை வேட்டையை மறக்கவில்லை.

பூனையின் விளையாட்டு வேட்டையின் மறுவடிவம். இங்கிலாந்தின் சவுதாம்ரன் பல்கலைக்கழகத்தில் ஜோன் பிராட்ஷோ, சாரா ஹோல் ஆகியோர் வளர்ந்த பூனைகள் விளையாடுவதை 1990களிலும் அதன் பின்னரும் ஆராய்ந்தனர். பசித்த பூனை கூடுதலாக விளையாடுகிறது என்பதை அவர்கள் கண்டனர். ஒரே பொருளைத் தொடர்ந்து கொடுத்தால் அலுத்துவிடுகிறது, பொருளைச் சிறிது மாற்றிக் கொடுத்தால் ஆர்வம் திரும்பி வருகிறது என்பதும் அவர்கள் கண்டதே. இவை இரண்டும் எங்களுக்கு உதவும் விடயங்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் விளையாட விட வேண்டும். எல்லாப் பொருளையும் தரையில் பரப்பாமல் ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, மற்றவற்றை மறைத்து வைத்து மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும்.

வேட்டைப் பிராணியாக இருந்தாலும் பூனை சிறிய உருவமுடையது. தன்னைவிடப் பெரியதற்கு அது இரையும் கூட. ஆகவே பயம் வந்துவிட்டால் வேட்டை நின்றுவிடும், விளையாட்டும் நின்றுவிடும். பயத்தைப் போக்குவதற்காக ஒரு சாமானை அதன் முகத்துக்கு முன் ஆட்டிப் பயனில்லை. முதலில் அதற்குப் பாதுகாப்பு. விளையாட்டு அதன் பின்னர் தானாக வரும்.

ஒளிய ஓர் இடம்

எனவே கறுப்பிக்கு நாங்கள் கொடுத்த முதற் சாமான் ஒரு கடதாசிப் பெட்டி. பிஸ்கட் வந்த மட்டைப் பெட்டியில் எதிரெதிராக இரண்டு வாசல் வெட்டினேன். ஒரு பக்கம் ஆள் வந்தால் மறு பக்கத்தால் போக வழி இருக்க வேண்டும். உள்ளே அம்மாவின் பழைய சேலைத் துண்டு. மூட்டு வலியுள்ள பூனை என்பதால் வாசலின் கீழ் விளிம்பைத் தரையோடு வெட்டினேன்.

2014 இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தினர் பூனைக் காப்பகமொன்றில் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு ஒளிந்திருக்கப் பெட்டி கொடுத்தும், மற்றப் பகுதிக்குக் கொடுக்காமலும் பார்த்தனர். பெட்டி கிடைத்தவை விரைவாகப் பதற்றம் தணிந்தன. ஒளிந்துகொள்ள இடமுள்ள பூனைதான் விரைவில் வெளியே வருகிறது. ஒளிவிடத்தை அடைத்துவிட்டால் பழகிவிடும் என்று சிலர் கட்டிலின் கீழ் சாமான் அடுக்குகிறார்கள். அது எதிரான பலனையே தரும்.

பெட்டிக்குள் இருக்கும்போது அதைத் தொடுவதில்லை, இழுப்பதில்லை, எட்டியும் பார்ப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அம்மா தடுத்தார். "அதைக் கூப்பிடாதை பிள்ளை. அது வாற நேரம் வரட்டும்" என்றார்.

எவை பொருந்தவில்லை?

கனடாவிலிருந்து வந்த என் தங்கையின் மகள், பாசத்தோடு ஒரு பற்றரி எலி கொண்டுவந்திருந்தாள். விசையை அமுக்கினால் கீச்சிட்டுக்கொண்டு அறை முழுவதும் ஓடும். இளம் பூனைக்கு அது நல்ல வேடிக்கை. கறுப்பி அன்று முழுவதும் அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. "பெரியம்மா, இது ஏன் விளையாடுதில்லை?" என்று பிள்ளை கவலைப்பட்டாள்.

காரணம் எளிது. மனிதருக்கு வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியே கேட்கும். பூனைக்கு 60,000க்கும் மேற்பட்ட அதிர்வுகள் வரை கேட்கும். எங்களுக்கு மெல்லிய கீச்சாகக் கேட்பது அதற்கு அப்படி இருப்பதில்லை. மேலும், உண்மையான எலி பூனையை நோக்கி ஓடி வருவதில்லை. விலகித்தான் ஓடும். தன்னை நோக்கி வரும் பொருளைப் பயந்த பூனை எதிரியாகவே எண்ணும்.

உள்ளே மணி வைத்த பிளாஸ்ரிக் பந்து சிமெந்துத் தரையில் எழுப்பும் சத்தமும் அப்படியே. சிவப்பு ஒளிப் புள்ளியைச் சுவரில் ஓடவிடும் சிறு லேசர் விளக்கைப் புறக்கோட்டை நடைபாதைக் கடைகளில் விற்கிறார்கள். அதைப் பூனை எத்தனை தரம் பாய்ந்தாலும் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாத வேட்டை அலுப்பையும் எரிச்சலையும் தரும். கண்ணில் பட்டால் கேடும் உண்டு. கடையில் வாங்குவதானால் சத்தமில்லாத, மென்மையான, எலியளவான, தானாக ஓடாத பொருளை வாங்கலாம். அவ்வளவையும் வீட்டிலேயே செய்யலாம் என்பதால் நான் வாங்கவில்லை.

எவை பொருந்தின?

ஈர்க்கும் துணியும்: தென்னோலை ஈர்க்கு ஒன்று, நல்ல நீளமானது. அதன் நுனியில் விரல் நீளப் பருத்தித் துணியை முடிச்சிட்டு இறுக்கினேன். ஈர்க்கின் நீளத்தால் நாம் தள்ளியிருந்தே ஆட்டலாம். சத்தமில்லை, பாரமில்லை. இதுவே கறுப்பிக்கு மிகப் பிடித்தது. பூனைக்குத் தன் முகத்துக்கு ஓரடிக்கும் கிட்டவுள்ள பொருள் தெளிவாகத் தெரியாது. ஆகவே மூக்கின் முன் ஆட்டக் கூடாது. மூன்று நாலு அடி தூரத்தில், பாயின் விளிம்பின் கீழோ கதிரைக் காலின் பின்னோ துணி நுனி மெல்ல மறைவதுபோல இழுக்க வேண்டும். சிவப்பு நிறத்தைப் பூனையால் நன்கு பிரித்தறிய முடியாது. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும். தையலில் மிஞ்சிய நீலத் துணி அதற்குப் போதுமாக இருந்தது.

கடதாசிப் பந்து, ஓலைப் பந்து: பத்திரிகைத் தாளைக் கசக்கிச் சிறிதாக உருட்டினால் பந்து. சிறுவயதில் நாங்கள் குருத்தோலையில் பின்னிய பந்தும் நல்லது. பாரமற்றது, காலால் தட்டினால் ஓடும், நகம் பிடிக்கும்.

பேசினுக்குள் பந்து: மேசைப் பந்து ஒன்றை அகன்ற பிளாஸ்ரிக் பேசினுக்குள் போட்டு, அடியில் ஒரு துவாய் விரித்துவிடுங்கள். பந்து வெளியே ஓடாது. மூட்டு வலியுள்ள பூனை எழுந்து ஓடாமல் படுத்தபடியே கையால் தட்டி விளையாடலாம்.

சப்பாத்துக் காலுறை: பிள்ளைகளின் பழைய பருத்திக் காலுறையில் துணித் துண்டுகளை அடைத்து வாயை இறுக்கித் தைத்துவிட்டால், பூனை இரு கைகளாலும் அணைத்துப் பின்னங்காலால் உதைக்கக்கூடிய ஒரு பொம்மை கிடைக்கும். அதற்கு மணம் சேர்க்க எங்களிடமே ஒரு மூலிகை இருக்கிறது. அதுதான் குப்பைமேனி. இதற்குப் பூனைவணங்கி என்ற பெயரும் உண்டு. வேரைக் கிளப்பிப் போட்டால் பல பூனைகள் முகர்ந்து உருண்டு புரளும். மேற்கு நாடுகளில் கற்னிப் என்னும் செடியைப் பூனைப் பொம்மைகளுக்குள் வைக்கிறார்கள். அச்செடியில் உள்ள மணப்பொருளுக்கு நெருங்கிய பொருட்கள் குப்பைமேனி வேரிலும் இருப்பதாக 2016 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வேரைக் கழுவி உலர்த்தி, காலுறைக்குள் வைத்துத் தைக்கலாம். மணத்துக்கு மட்டுமே, தின்னக் கொடுப்பதற்கல்ல. எல்லாப் பூனையும் இதற்கு மயங்காது. மயங்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

முட்டைத் தட்டில் தேடல்: மட்டையாலான முட்டைத் தட்டின் குழிகளில் சிறு மீன் துண்டுகளை வைத்து, மேலே கசக்கிய கடதாசி உருண்டைகளை வைத்தால் பூனை ஒவ்வொன்றாகத் தட்டித் தேடித் தின்னும். யாரும் அருகில் இருக்கத் தேவையில்லை என்பதால் மிகவும் பயந்த பூனைக்கு இது நல்ல தொடக்கம். மீனை உப்பு, தூள் இன்றி அவித்து முள்ளெடுத்துக் கொடுக்க வேண்டும். வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சு. ஆகவே குழம்பு மீன் கூடாது. மிகுந்த உப்புள்ள கருவாடும் கூடாது.

சாக்குப் பலகை: நகம் கீறுவதும் பூனைக்கு விளையாட்டே. பலகைத் துண்டில் சாக்கைச் சுற்றித் தரையில் கிடத்திவிடுங்கள். முதிய பூனைக்கு நிமிர்ந்து நின்று கீறுவது கடினம்.

விளையாடும் முறை

நாளுக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் ஐந்து நிமிடம் போதும். பூனை இயல்பாகவே விடியற் காலையிலும் அந்தி நேரத்திலும் சுறுசுறுப்பானது. லொறிச் சத்தம் குறைந்த நேரமாகப் பார்த்து நாங்கள் அந்தியைத் தெரிந்துகொண்டோம். கதவைச் சாத்தி, ரி.வி.யை நிறுத்தி, தரையில் பக்கவாட்டாக இருந்துகொள்ள வேண்டும். நேருக்கு நேர் உற்றுப் பார்க்கக் கூடாது. அதற்குப் பதிலாகக் கண்ணை மெதுவாக மூடித் திறந்து காட்டலாம். 2020 இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அப்படிச் செய்யும் மனிதருக்குப் பூனையும் அவ்வாறே பதில் செய்வதையும், அவர்களை நெருங்க விரும்புவதையும் கண்டனர்.

முதல் வாரம் கறுப்பி பெட்டிக்குள் இருந்து பார்த்தது மட்டுமே. பார்ப்பதும் விளையாட்டின் ஒரு பகுதி என்பதை அறிந்துகொள்ளுங்கள். காது முன்னே திரும்பியிருந்தால், கண்மணி விரிந்து துணியின் அசைவைத் தொடர்ந்தால், வால் நுனி மெல்ல ஆடினால் அது வேட்டையில் இறங்கிவிட்டது. காது பக்கவாட்டில் மடங்கி உடம்பு தரையோடு ஒட்டினால் பயந்திருக்கிறது. உடனே நிறுத்திவிட வேண்டும்.

பத்தாம் நாள் ஒரு கை பெட்டிக்கு வெளியே வந்து துணியை அமுக்கியது. அமுக்கினால் விட்டுக்கொடுக்க வேண்டும். பிடித்த பொருள் அதனுடையது. ஒவ்வொரு விளையாட்டும் அது பிடித்து முடிப்பதாகவே இருக்க வேண்டும். முடிந்ததும் உடனே சாப்பாடு. வேட்டையாடும், உண்ணும், உடம்பை நக்கும், உறங்கும் என்பதே பூனையின் ஒழுங்கு. அந்த ஒழுங்கு திரும்பியபோது கறுப்பியின் பசியும் திரும்பியது. வைத்தியரின் மருந்தும் சேர்ந்துதான் இந்தப் பலன். இரண்டு மாதத்தில் முந்நூறு கிராம் கூடியது.

தையல் வீடுகளில் கவனம்

எங்களில் பலர் தையலால் சீவிக்கிறோம். ஆகவே இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பூனைக்கு மிகப் பெரிய ஆபத்து நூல். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு. வாய்க்குள் போன நூலை அதனால் இலகுவில் துப்ப முடியாது, விழுங்கிவிடும். ஒரு முனை சிக்கிக்கொண்டால் குடல் நூலில் கோத்ததுபோலச் சுருங்கி வெட்டுப்படும். ஊசி கோத்த நூலாயின் சொல்லத் தேவையில்லை. றிபன், லாஸ்ரிக், றப்பர் வளையம், பொத்தான், லேஸ் ஆகியனவும் அப்படியே. வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். ஈர்க்குத் துணியையும் விளையாட்டு முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். பூனையின் வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தொங்கினால் இழுக்க வேண்டாம். உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

கைவிரலை விளையாட்டுப் பொருளாகக் காட்டவும் கூடாது. பயந்த பூனை கீறிவிடும், கடித்துவிடும். நாய்க்கு மட்டுமல்லாமல் பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி போட வேண்டும். தடுப்பூசி போட்டிருந்தாலும், கடிபட்டால் அல்லது கீறுபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கே சிகிச்சை இலவசம். பிள்ளைகள் உள்ள வீட்டில், பூனை வாலைச் சுழற்றினால் விளையாட்டை நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிப் பழக்குங்கள்.

அம்மாவும் ஈர்க்கும்

முதலில் நான்தான் ஈர்க்கைப் பிடித்தேன். வேலை நெருக்கிய ஒருநாள் அம்மாவிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து அது அம்மாவின் வேலையாகிவிட்டது. அவர் என்னைவிட நன்றாகச் செய்கிறார். அவருக்கு அவசரமில்லை. துணி நுனியைப் பாய்க்குக் கீழே வைத்துவிட்டு, அசைக்காமலே நெடுநேரம் இருப்பார். கறுப்பியும் இருக்கும். பிறகு இலேசாக ஓர் அசைவு. அவ்வளவுதான்.

ஒரு நாள் அந்தியில், ஈர்க்கைப் பிடித்தபடியே அம்மா வீட்டில் விட்டுவந்த பூனையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். செல் விழத் தொடங்கியபோது பெட்டி கட்டிப் புறப்பட்டதையும், அது மதிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததையும், தம்பி திரும்பிப் போய் அதற்குச் சோறு வைத்துவிட்டு ஓடிவந்ததையும் சொன்னார். தம்பியின் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனையோ காலம். நான் ஒன்றும் கேட்கவில்லை. மெஷினை மட்டும் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டு எழுந்து பூனைக்குச் சாப்பாடு வைத்தார்.

பூனை வளர்த்தால் மனவடு ஆறிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நித்திரையின்மை, திடுக்கிடுதல், உண்ண மனமின்மை என்பன தொடர்ந்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவையோ உளவளத்துணையாளரையோ நாட வேண்டும். ஆனால் பயந்த உயிரொன்றை வற்புறுத்தாமல் விளையாட்டின் வழியே வெளியே வரவிடும் முறை எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. போர் நடந்துகொண்டிருந்த 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கே களிமண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் நாடகத்திலும் ஈடுபட்டனர். நடந்ததைச் சொல்லச் சொல்லி நெருக்குவதற்குப் பதிலாகக் கைக்கு வேலையும் பாதுகாப்பான இடமும் கொடுப்பது பிள்ளைகளுக்கு உதவும் என்பதை அத்தகைய முயற்சிகளால் அறிந்தோம். பெரியவர்களுக்கும் அது வேண்டியிருக்கிறது.

இறுதியாக

கறுப்பி இன்னமும் வெடிச் சத்தத்துக்கு ஓடுகிறது. புதிய ஆள் வந்தால் பெட்டிக்குள் போய்விடுகிறது. அது துணிச்சலான பூனையாக மாறிவிடவில்லை, மாற வேண்டிய அவசியமும் இல்லை. முன்பு ஓடினால் இரவு வரை வராது. இப்போது சத்தம் ஓய்ந்து சற்று நேரத்தில் தலையை நீட்டுகிறது. இதையே நல்ல முன்னேற்றமாகக் கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு பூனை இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். பிறகு இரண்டு வாசல் வெட்டிய பெட்டி ஒன்றை அமைதியான மூலையில் வையுங்கள். ஒரு வாரம் சென்றதும் ஈர்க்கில் ஒரு துணித் துண்டைக் கட்டி, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னர் தள்ளியிருந்து அசைத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் துணியை எடுத்து வைத்துவிட்டு, சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுங்கள். மறுநாளும் அதே நேரத்தில், அதே இடத்தில் இருந்துகொள்ளுங்கள். நீங்கள் தினமும் வருவீர்கள், வந்தாலும் பிடித்து இழுக்கமாட்டீர்கள் என்பதைப் பூனை அறிந்துகொள்ளச் சில நாட்கள் எடுக்கும். அந்த நாட்களை அதற்குக் கொடுங்கள்.